செங்கோடன் வாட்டிய பூண்டு ரொட்டி

மடவாம்பாளையம் என்றொரு ஊர். வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. ஊர்க்காரர்களே ஒருமுறை தேடிப் பார்த்து, ஊர் இல்லை என்று தெரிந்ததும், மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு பக்கத்து ஊரில் போய்க் கொஞ்ச நாள் தங்கியிருந்தார்கள். நல்ல மனிதர்கள். அவர்களை யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

அந்த ஊரில் செங்கோடன், நாச்சிமுத்து, சடையப்பன் என்று அண்ணன் தம்பிகள் மூன்று பேர். மூத்தவன் செங்கோடனுக்கு வருஷக்கணக்காகப் பெண் பார்த்தும் அமையவில்லை. கடைசியில் வெள்ளியங்கிரி என்பவரின் மகள் தெய்வானை சம்மதித்தாள், ஒரே ஒரு நிபந்தனையோடு. அவளுக்குப் பூண்டு ரொட்டி என்றால் உயிர். கடையில் கொடுக்கிற அப்பளம் மாதிரி ரொட்டி இல்லை. தடிமனாக இருக்க வேண்டும், கடித்தால் வெண்ணெய் முழங்கை வரை வழிய வேண்டும். அதை வீட்டிலேயே செய்து தருகிறவனுக்குத்தான் கழுத்தை நீட்டுவாள். ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகளும் வருகிறார்கள். ரொட்டி சரியாக இருந்தால் அங்கேயே மோதிரம் போட்டு நிச்சயம் செய்துவிடலாம். இல்லையென்றால் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார்கள்.

செங்கோடனுக்கு ரொட்டி வாட்டத் தெரியாது. அவளுக்கே போன் போட்டுச் செய்முறை கேட்டான். தம்பிகளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டான். தங்கமான பெண், பொறுமையாகச் சொன்னாள்.

“வெண்ணெயை முன்னாடியே வெளிய எடுத்து வச்சுருங்க, இளகட்டும். ரொட்டியை ரெண்டு விரல் கனத்துக்கு வெட்டுங்க. நடுவுல கீறி, பூண்டை நசுக்கிக் கலந்த வெண்ணெயை உள்ள வைங்க. வச்ச பொறகு திறக்கவே கூடாதுங்க, ஒழுகிரும். கல்லுல போட்டு ரெண்டு பக்கமும் பொன்னிறமா வாட்டுங்க. பூண்டு வாசம் வாசப்படி வரைக்கும் அடிக்கோணும்.”

ஞாயிறு காலை வெண்ணெய் வெளியே போனது. மதில் சுவர் மேல் வைத்து, காக்கா தூக்காமல் இருக்கச் சடையப்பனைக் காவலுக்கு நிறுத்தினார்கள். வெயில் ஏறியதும் அவன் வெண்ணெய்க்குக் குடை பிடித்தான். போதாதென்று ஈரத்துணியும் சுற்றினான்.

“ஏண்டா குடை?” என்றான் செங்கோடன்.

“வெயில் பட்டா உருகிருமுங்ணா.”

“இளகத்தானடா வெளிய வச்சுருக்கறோம்?”

“அண்ணி வெளிய வைக்கத்தான் சொன்னாங்க. வெயில்ல வைக்கச் சொல்லலீங்களே.”

தம்பியின் புத்தியை நினைத்துச் செங்கோடனுக்கு மனசு நிறைந்துபோயிற்று. மத்தியானம் பார்த்தபோது வெண்ணெய் வைத்தது வைத்தபடி கெட்டியாக இருந்தது. சடையப்பன்தான் நன்றாக இளகியிருந்தான். நாச்சிமுத்து வெண்ணெயை அடுப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துச் சத்தமாக அதட்டினான். கொஞ்ச நேரத்தில் அது இளகியது. தன் அதட்டலுக்குப் பயந்துதான் இளகியது என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

அடுத்தது ரொட்டி. இரண்டு விரல் கனம் என்றால் யார் விரல்? மூவரும் கைகளை நீட்டி வைத்து யோசித்தார்கள். நாச்சிமுத்துவின் விரல்கள் மொந்தன் வாழைக்காய் மாதிரி இருக்கும். தடிமனாகக் கேட்டதால் அதுதான் சரி என்று முடிவாயிற்று. அவன் இரண்டு விரலைச் சேர்த்து ரொட்டி மேல் வைத்தான். செங்கோடன் கத்தியை ஓங்கினான்.

“விரலோட சேத்து வெட்டறதா, விரலை விட்டுட்டு வெட்டறதா?”

நாச்சிமுத்து பதறவில்லை. நிதானமாக யோசித்துவிட்டுச் சொன்னான். “விட்டுட்டே வெட்டுங்ணா. அடுத்த துண்டுக்கும் அளவு வேணுமில்லீங்களா?”

இப்படியாக, விருந்தாளிக்கு ஆளுக்கொன்று என்று இரண்டு தடித்த துண்டுகள் தயாராயின. செங்கோடன் இரண்டின் தலையிலும் நடுவில் கீறி வைத்தான். பூண்டு வேலை சடையப்பன் பொறுப்பு. வாசம் வாசப்படி வரைக்கும் போக வேண்டும் என்றால் அதுவாக எப்படிப் போகும், நாம்தானே கொண்டுபோய் விட வேண்டும்? ஒரு கூடைப் பூண்டை நசுக்கி, அடுப்படிச் சுவரில் ஆரம்பித்து, கதவு, ஜன்னல், நாற்காலி, சைக்கிள் சீட் என்று வாசப்படி வரைக்கும் பூசினான். நல்லவேளை, வெண்ணெயில் கலக்க ஒரு கைப்பிடி மிஞ்சியது.

கல் காய்ந்தது. வெண்ணெய் வைத்த ரொட்டியைக் கையில் எடுத்த செங்கோடன் அப்படியே நின்றுவிட்டான்.

“ரெண்டு பக்கமும் வாட்டச் சொன்னா. இதுல ஆறு பக்கம் இருக்குதேடா?”

மூவரும் தனித்தனியாக எண்ணிப் பார்த்தார்கள். ஆறுதான். மேல், கீழ், நாலு விளிம்பு. எந்த இரண்டு என்று அவள் சொல்லவில்லை. சடையப்பன்தான் சிக்கலை அவிழ்த்தான்.

“மெல்லிசு ரொட்டின்னா நிக்காது, படுக்கப் போடலாம். இது பாருங்க, தானா நிக்குது. நிக்கறதை எதுக்குங்ணா படுக்கப் போடோணும்?”

எனவே ரொட்டிகள் நின்றபடி வெந்தன. அடுத்து நிறம் பார்க்க வேண்டும். பொன்னிறம் வந்ததா என்று பார்க்கப் பொன் வேண்டாமா? வீட்டில் இருந்த ஒரே பொன், தெய்வானைக்குச் செய்து வைத்திருந்த மோதிரம். செங்கோடன் வெண்ணெய்க் கையோடு அதை எடுத்து ரொட்டியின் தலைமேல் பிடித்தான். வழுக்கியது. மோதிரம் கீறலுக்குள் விழுந்து மறைந்தது. அடித்துப் பிடித்து இரண்டையும் தட்டுக்கு மாற்றியதில் மோதிரம் எந்த ரொட்டிக்குள் என்பதும் மறந்துபோயிற்று.

செங்கோடன் கண்கலங்கிவிட்டான். “மோதிரமில்லாம எப்படிடா நிச்சயம் பண்றது?”

“பிரிச்சு எடுத்தரலாமுங்ணா,” என்றான் நாச்சிமுத்து.

“திறக்கவே கூடாதுன்னு அண்ணி சொன்னாங்களே,” என்றான் சடையப்பன். “திறந்தா பொண்ணு போச்சு. திறக்காட்டி மோதிரந்தான் போச்சு. திங்கறவிய கண்டுபுடிச்சுக் குடுக்கட்டுமுங்ணா.”

அதற்குள் விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். வாசப்படியில் வெள்ளியங்கிரிக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. தெய்வானை மூச்சை நன்றாக இழுத்துச் சிரித்தாள். வெள்ளியங்கிரி சிரித்தபோது முன்பக்கம் ஒரு தங்கப் பல் மின்னியது. அந்தப் பல் ரொம்ப நாளாக வலிக்கிறது, ஓட்டை இருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார், எனக்கென்னவோ நம்பிக்கையில்லை என்று உட்காரும்போதே சொன்னார்.

தட்டுகள் வந்தன. அண்ணன் தம்பிகள் வரிசையாக நின்று அவர்கள் வாயையே பார்த்தார்கள். தெய்வானை ஒரு கடி கடித்தாள். வெண்ணெய் முழங்கை வரை வழிந்தது. வாட்டாமல் வெள்ளையாக இருந்த பக்கங்களையும், சிவந்திருந்த விளிம்புகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். செங்கோடனுக்கு உயிரே இல்லை.

“ரொட்டிக்கு ஆறு பக்கம் இருக்கறது இன்னைக்குத்தானுங்க எனக்குத் தெரியுது,” என்றாள். “இத்தனை நாளா ரெண்டை மட்டும் பாத்து ஏமாந்துட்டேன். எனக்குச் சம்மதமுங்க.”

அந்த நேரம் பார்த்து வெள்ளியங்கிரியின் வாயில் ‘கடக்’ என்றது. பொன்னாக ஏதோ ஒன்று வாயிலிருந்து தெறித்துத் தட்டில் விழுந்தது. சடையப்பன் பாய்ந்து எடுத்தான்.

“மோதிரம் கெடச்சிருச்சுங்ணா. பாவம், சூட்டுல உருகிச் சின்னதாயிருச்சு.”

செங்கோடனுக்குப் போன உயிர் திரும்பியது. விரலில் நுழையவில்லை என்பதால், பூக்கட்டும் நூலால் அதைத் தெய்வானையின் விரலில் கட்டிவிட்டான். அவள் கையை நீட்டி அழகு பார்த்தாள்.

வெள்ளியங்கிரி கன்னத்துக்குள் விரலைவிட்டுத் துழாவி, வட்டமாக ஒன்றை வெளியே எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“டாக்டர் சொன்னது நெசந்தானுங்க. நாந்தான் நம்பல. எத்தாப்பெரிய ஓட்டை பாருங்க, சுண்டுவிரலே போகுது.”

எல்லோரும் வாங்கிப் பார்த்தார்கள். “இத்தனை ஓட்டையோட எப்படி மாமா தாங்குனீங்க?” என்று நாச்சிமுத்து உருகிப்போனான். அவர் அதைக் கைக்குட்டையில் பத்திரமாக முடிந்துகொண்டார். அன்றிலிருந்து அதை அடைத்துத் தரச்சொல்லி ஒவ்வொரு பல் டாக்டராக ஏறி இறங்குகிறார். ஒருவரும் அதை வாயில் வைத்துப் பார்ப்பதில்லை, விரலில் போட்டுப் பார்க்கிறார்கள் என்று அவருக்கு வருத்தம்.

கல்யாணம் நன்றாக நடந்தது. தெய்வானையும் சந்தோஷமாக இருக்கிறாள். தினமும் காலையில் பிரஷ்ஷில் பேஸ்ட்டை வைத்து, முதலில் மோதிரத்தைத் தேய்த்துவிட்டு, பிறகுதான் தன் பல்லைத் தேய்க்கிறாள். ஏன் என்று செங்கோடன் ஒருநாள் கேட்டான்.

“பூண்டு ரொட்டிக்குள்ள கெடந்த மோதிரமுங்க,” என்றாள். “தேய்க்காட்டி வாய் நாறுமில்லீங்களா?”