நவநீதன் காட்டிய வீடு

புரோக்கர் நவநீதன் இல்லாமல் எங்கள் தெருவில் ஒரு செங்கல்கூடக் கைமாறாது. இது அவரே பரப்பிய செய்தி. இஸ்திரி போடும் பூங்காவனம் அக்கா மட்டும், துணி வாங்கப் போன இடத்தில் மரகதம் டீச்சரிடம் நேராகப் பேசி, அவருடைய சின்ன ஓட்டு வீட்டுக்கு விலை முடித்துவிட்டார்.

பத்திரம் பதிகிற அன்று நவநீதன் ஆபீஸ் வாசலை மறித்துக்கொண்டு மூக்கால் பேசினார். "ஏம்மா, அந்த வீட்டை உனக்குக் காட்டினதே நான்தான். டீச்சருக்கு வயசாச்சு, மறந்துட்டாங்க. ரெண்டு பர்சன்ட் கமிஷனை வச்சிட்டு உள்ள போ."

அக்கா ரொம்பப் பணிவாகக் கேட்டார். "சரிங்க சார். வீட்டுப் பின்னாடி கிணறு இருக்கே, தண்ணி எப்படி?"

தெரியாது என்று சொல்லி அந்த வாய்க்குப் பழக்கமே இல்லை. "கல்கண்டு மாதிரி இருக்கும்மா. நானே எறச்சுக் குடிச்சுப் பார்த்தேன்."

அக்கா பக்கத்தில் நின்ற டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாப்பது வருஷமா லாரித் தண்ணிக்குக் குடத்தோட நிக்கிறேன். என் வீட்ல கிணறு இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாப்பா?"

வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

"அந்தக் கிணறு யார் வீட்ல இருக்கோ, அவங்ககிட்ட கமிஷன் கேளுங்க சார்" என்று சொல்லிவிட்டு, அக்கா கையெழுத்துப் போட உள்ளே போனார்.