செம்புக்கும் இரும்புக்கும் நடுவே

"அம்மா, மாலைக்குள் ஒரு பெயரைச் சொல்லும்படி முதலாளி கேட்டிருக்கிறார். எந்தப் பெயரைச் சொல்வது?"

கேட்டவர் திருமேனி. அந்தத் தொழிற்சாலையில் மின் வரைபடப் பிரிவின் தலைவர். நரைத்த தலை. நெற்றி நிறைய நீறு.

கேட்கப்பட்டவர் உமையாள். அவரைவிட வயதில் மிகவும் இளையவர். வரைபடம் முதல் தகடு வெட்டும் இயந்திரம் வரை எல்லாவற்றையும் ஒரே மென்பொருளில் இணைப்பதற்காக அழைத்துவரப்பட்டவர்.

அந்த மென்பொருளைத் திருமேனி அவரிடம்தான் கற்றார். கற்கத் தொடங்கிய அன்றே தம் நாற்காலியை அவருடைய நாற்காலிக்கு ஓரடி பின்னே இழுத்துப் போட்டுக்கொண்டார். இன்றும் அங்கேயே அமர்ந்திருந்தார்.

"பெயரைச் சொன்னால் என்ன ஆகும்?" என்றார் உமையாள்.

"பெயருக்கு உரியவர் நாளை முதல் வர வேண்டியதில்லை."

"உங்கள் மனத்தில் ஒரு பெயர் இருக்கிறது."

"இருக்கிறது. சேவியர்."

அந்தத் தொழிற்சாலையில் செய்பவை மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் இரும்பு அலமாரிகள். பேனல் என்பார்கள். ஓர் ஊரின் குடிநீர் நிலையத்துக்காகச் செய்த பேனல் முந்தைய நாள் உயர் மின்னழுத்தச் சோதனையில் தோற்றுவிட்டது. உள்ளே மின்சாரம் ஓடும் செம்புப் பட்டையிலிருந்து பக்கத்தில் இருந்த இரும்புத் தாங்கிக்குப் பொறி தாவியது.

பேனலின் இரும்பு உடலை வரைபவர் சேவியர். அந்தத் தாங்கியை வைத்தவரும் அவரே.

"இருக்கக் கூடாத இடத்தில் வைத்துவிட்டான்," என்றார் திருமேனி.

"அவரை வரச் சொல்லுங்கள்."

சேவியர் வந்தார். கையில் மதிய உணவுப் பெட்டி இருந்தது. திறக்கப்படவில்லை.

"தாங்கியை அங்கே ஏன் வைத்தீர்கள்?"

"கதவுக்குப் போகிற வயர்க்கட்டு தொங்கிக்கொண்டிருந்தது, அம்மா. அதைப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டுமே."

"அதற்கு முன் அந்த இடத்தில் என்ன இருந்தது?"

"ஒன்றும் இல்லை."

திருமேனிக்குப் பொறுக்கவில்லை. "ஒன்றும் இல்லையா? பட்டையைச் சுற்றி நாலு விரல் இடைவெளி இருந்ததே, தம்பி."

"இடைவெளி என்றால் ஒன்றும் இல்லை என்றுதானே, ஐயா?"

"மென்பொருள் என்ன சொன்னது?" என்றார் உமையாள்.

"பச்சை காட்டியது. எதுவும் எதன்மீதும் மோதவில்லை என்றது."

"மோதினால்தான் தாவுமா மின்சாரம்? தொடாமலே தாவும்," என்றார் திருமேனி.

"அது எனக்குத் தெரியாமல் இல்லை, ஐயா. எவ்வளவு தூரம் தாவும், எந்தப் பட்டையிலிருந்து தாவும் என்பதெல்லாம் உங்கள் பக்கத்துச் சங்கதி. என் திரையில் செம்பும் ஒரு தகடு, இரும்பும் ஒரு தகடு."

உமையாள் திருமேனியின் பக்கம் திரும்பினார்.

"உங்கள் வரைபடத்தில் அந்த இடைவெளி எங்கே இருக்கிறது?"

"என் வரைபடத்தில் எது எதனோடு இணைகிறது என்பது இருக்கும். இணையாததை எதற்கு வரைய வேண்டும்? எனக்குத்தான் தெரியுமே."

தொடர்ந்து பேசியபோது அவர் குரல் சற்று உயர்ந்தது.

"முன்பெல்லாம் இவர்கள் வரைந்த தாள் என் மேசை வழியாகத்தான் பட்டறைக்குப் போகும். பென்சிலால் ஒரு சுழி போடுவேன். இங்கே கை வைக்காதே என்று பொருள். இப்போது என் முகத்தில் விழிக்காமலே இயந்திரத்துக்குப் போய்விடுகிறது. அந்த வழியைப் போட்டுக் கொடுத்தது நீங்கள்தான், அம்மா."

"ஆம். நான்தான்."

"அப்படிப் பார்த்தால் உங்கள் பெயரையும் சொல்லலாம்."

"தாராளமாகச் சொல்லுங்கள். ஒரு பெயர் கேட்ட முதலாளிக்கு நம் மூவர் பெயரும் கிடைக்கும்."

சேவியர் சிரித்துவிட்டு, சிரித்திருக்க வேண்டாமோ என்பதுபோல் பெட்டியைப் பார்த்துக்கொண்டார்.

உமையாள் எழுந்து பட்டறைக்கு நடந்தார். இருவரும் பின்தொடர்ந்தார்கள்.



சோதனையில் தோற்ற பேனல் மின்தொடர்பு ஏதுமின்றி ஓரமாக நின்றது. கதவு திறந்திருந்தது. தாங்கியைக் கழற்றிவிட்டிருந்தார்கள். அது இருந்த இடத்தில், செம்புப் பட்டைக்கும் இரும்புச் சுவருக்கும் நடுவே, பாகங்களைப் பொருத்தும் பிட்டர் ஒருவர் தம் ஸ்பேனரைச் செருகி வைத்திருந்தார்.

உமையாள் அந்த ஸ்பேனரை எடுத்துத் தரையில் வைத்தார்.

அன்று வெள்ளிக்கிழமை. பட்டறைச் சாமி படத்துக்குச் சாத்திய கதம்பச் சரத்தில் மீந்த துண்டு, தட்டில் கிடந்தது. அதை எடுத்துவந்து, ஸ்பேனர் இருந்த அதே வெற்றிடத்தில் குறுக்காகக் கட்டித் தொங்கவிட்டார்.



பிட்டர் தேநீர் குடித்துவிட்டு வந்தார். தரையிலிருந்த ஸ்பேனரை எடுத்தார். பழகிய இடத்துக்கே கை போயிற்று. பாதி வழியில் நின்றது.

பூவைப் பார்த்தார். மூவரையும் பார்த்தார். ஸ்பேனரைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"யாருங்க இங்க பூ கட்டினது? இனி நான் சாமானை எங்க வெக்கிறது?" என்று முனகியபடி நகர்ந்தார்.

திருமேனி அசையாமல் நின்றார். ஆண்டுதோறும் ஆனித் திருமஞ்சனத்துக்குத் தில்லைக்குப் போகிறவர் அவர்.

"இதை நான் பார்த்திருக்கிறேன்," என்றார் மெல்ல.

"எங்கே?"

"சிதம்பரத்தில். திரையை விலக்கிக் காட்டுவார்கள்."

"நான் போனதில்லை. திரைக்குப் பின்னே என்ன இருக்கிறது?"

திருமேனி விடை சொல்ல வாயெடுத்தார்.  பூச்சரத்தைப் பார்த்தபடி,

"பொன்னால் செய்த வில்வமாலை தொங்குகிறது," என்றார்.

"எதன்மேல்?"

திருமேனி விறுவிறுவென்று தம் இருக்கைக்குத் திரும்பினார்.



கணினியில் அந்தப் பேனலைத் திறந்தார். செம்புப் பட்டையைச் சுற்றி, நாலு விரல் கனத்துக்கு, ஒரு பெட்டி வரைந்தார். மற்றப் பட்டைகளுக்கும் வரைந்தார். அவற்றையும் பேனலின் உறுப்புகளாகவே சேர்த்தார்.

எந்த உலோகம் என்று மென்பொருள் கேட்டது. எதுவும் இல்லை என்று தட்டினார்.

எடை கேட்டது. சுழியம்.

பெயர் கேட்டது. சற்று யோசித்து, 'வெளி' என்று எழுதினார்.

எதிர் மேசையிலிருந்து சேவியரின் குரல் வந்தது.

"ஐயா, என் தாங்கி சிவப்பாகிவிட்டது."

"எதன்மேல் மோதுகிறதாம்?"

"வெளி என்று ஒன்றன்மேல்."

"அப்படியா?"

"இருங்கள், கீழே தள்ளி வைக்கிறேன். அங்கே வைத்தாலும் வயர்க்கட்டு நிற்கும்... ம், பச்சை வந்துவிட்டது."

இதை நகர்த்து என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

அதற்குள் தொலைபேசி ஒலித்தது. ஸ்டோரிலிருந்து ரெங்கம்மாள். வரைபடத்தில் எதைச் சேர்த்தாலும் அதை வாங்கித் தரும்படி அவருக்குத் தானாகவே செய்தி போகும்படி உமையாள் இணைத்திருந்தார்.

"ஐயா, வெளின்னு ஒரு சாமான் கேட்டிருக்கீங்க. எந்தக் கம்பெனி?"

"கம்பெனி இல்லை, அம்மா."

"இரும்பா, பிளாஸ்டிக்கா?"

"இரண்டும் இல்லை."

"எடை?"

"எடையும் இல்லை."



"அப்படீன்னா வாங்கவே வேண்டாங்க, ஐயா. ஸ்டோர்ல பாதி அதுதான் இருக்கு. வேணும்கிறத வந்து எடுத்துக்கோங்க."

பின்னே வந்து நின்றிருந்த உமையாள் அன்று அப்போதுதான் சிரித்தார். வரைபடத்தில் இருக்க வேண்டும், வாங்கும் பட்டியலுக்குப் போகக் கூடாது என்று குறிக்கும் இடத்தைத் திருமேனிக்குக் காட்டினார்.



மாலையில் முதலாளி வந்தார். உட்காரவில்லை.

"பெயர்?"

சேவியர் தலையைக் குனிந்துகொண்டார்.

திருமேனி எழுந்து நின்றார்.

"திருமேனி."

"தாங்கியை வைத்தது நீங்களா?"

"இல்லை. வைக்கக் கூடாது என்று தெரிந்தவன் நான்."

"தெரிந்தவர் ஏன் சொல்லவில்லை?"

"சொல்லிக்கொண்டுதான் இருந்தேன், ஐயா. தாள் என் மேசைக்கு வந்த வரைக்கும்."

முதலாளி உமையாளைப் பார்த்தார். உமையாள் தம் மாணவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளை மறுசோதனை," என்றார் முதலாளி. "பொறி பறந்தால் நீங்கள் சொன்ன பெயரையே எடுத்துக்கொள்கிறேன்."

அவர் போய்விட்டார்.

சேவியர் உணவுப் பெட்டியைத் திறந்தார். சோறு ஆறிக் கட்டிதட்டிப் போயிருந்தது. பாதியை மூடியில் போட்டு ஐயாவின் பக்கம் நகர்த்தினார்.

"நீங்களும் மதியம் சாப்பிடவில்லை," என்றார்.

இருவரும் உண்டார்கள்.



மறுநாள் புதிய இடத்தில் தாங்கியைப் பொருத்திப் பேனலைச் சோதனை அறைக்குள் தள்ளினார்கள். கம்பிகளை மாட்டியவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"பூவோட சோதனை பண்ண முடியாதுங்களே."

திருமேனி தாமே முன்வந்து சரத்தை அவிழ்த்தார். வாடியிருந்தது. கையில் வைத்துக்கொண்டார்.

"அம்மா," என்றார் தாழ்ந்த குரலில். "அடையாளத்தை எடுத்துவிட்டேன். இனி?"

"எடுத்தபின் அங்கே என்ன இருக்கிறது, ஐயா?"

முந்தைய நாள் தாம் வரைந்ததைத் திருமேனி நினைத்துப் பார்த்தார். திரும்பி அந்த இடத்தைப் பார்த்தார். பின்பு விலகி வந்து நின்றார்.

கம்பிக் கதவைச் சாத்தினார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது.

மின்னழுத்தம் ஏறியது. மெல்லிய ரீங்காரம் கேட்டது. முந்தைய முறை பொறி பறந்த அளவைக் காட்டும் கோட்டை முள் தொட்டது. தாண்டியது. மேலே போய் நின்றது.

சேவியர் சிலுவைக்குறி இட்டுக்கொண்டார்.

ரீங்காரம் அடங்கியது. விளக்கு அணைந்தது.

வாசலில் நின்றிருந்த முதலாளி குரல் கொடுத்தார்.

"என்ன ஆயிற்று?"

சேவியர் கம்பிக் கதவோடு முகத்தைப் பதித்து, செம்புக்கும் இரும்புக்கும் நடுவே உற்றுப் பார்த்தார்.

"ஒன்றும் இல்லை, ஐயா."

இம்முறை திருமேனி அவரைத் திருத்தவில்லை. வாடிய சரத்தை உள்ளங்கைகளுக்குள் வைத்துக் கைகூப்பினார்.