திரைக்கு இந்தப் பக்கம்

கோவில்பட்டியில் பாகீரதியம்மாளிடம் பாட்டுக் கற்றுக்கொண்டவர்கள் நிறையப் பேர். கல்யாணம், வேலை, வெளியூர் என்று எல்லோரும் போய்விட்டார்கள். முப்பது வருடம் கழித்தும் வாரம் தவறாமல் வந்துபோகிறவள் வடிவு ஒருத்திதான். அவளுக்கே ஐம்பது தாண்டிவிட்டது. பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். வீட்டிலும் பத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கையில் ஒரு தாளோடு வந்தாள்.

மறுநாள் ஊர் இசைச் சங்கத்தில் பிள்ளைகளுக்கான பாட்டுப் போட்டி. மூன்று நடுவர்களில் ஒருத்தியாக வடிவைக் கூப்பிட்டிருந்தார்கள். அவளுக்கு இதுதான் முதல் தடவை. மேடையில் வாசிப்பதற்காகத் தன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரவும் சொல்லியிருந்தார்கள்.

அந்தச் சங்கத்தில் அது ஒரு வழக்கம். பாட வருகிற பிள்ளைக்கு நான்கு நிமிடம்தான். தாண்டினால் மணியடித்து இறக்கிவிடுவார்கள். நடுவர் எங்கே படித்தார், யாரிடம் கற்றார், யார் கையால் பொன்னாடை வாங்கினார் என்று வாசிக்க ஆளுக்குப் பத்து நிமிடம் ஆகும். அதற்கு மட்டும் மணி கிடையாது.

"பாருங்கக்கா. நடுவரோட பின்னணின்னு இவ்வளவு போதுமா? இன்னும் என்ன இருக்கணும்?"

பாகீரதியம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். 'பாகீரதியம்மாளின் முதன்மைச் சீடர்' என்ற வரியில் கொஞ்ச நேரம் நின்றாள்.

"இன்னொண்ணு கேக்கணும்," என்றாள் வடிவு. "எங்கிட்டப் படிக்கிற தங்கமாரியும் நாளைக்குப் பாடுதா. பிள்ளைக எல்லாம் திரைக்குப் பின்னாடி நின்னுதான் பாடும். பேரு சொல்ல மாட்டாங்க, நம்பர்தான். ஆனா அவ வாயைத் திறந்தா எனக்குத் தெரிஞ்சிரும்."

"தெரிஞ்சா என்ன செய்வே?"

"ரெண்டு மார்க் குறைச்சே போட்டிருவேன்க்கா. தன் பிள்ளைக்குப் பரிசு குடுத்துட்டான்னு ஒருத்தர் ஒரு சொல் சொல்லிரக் கூடாது பாருங்க. நான் செய்யது சரிதானே?"

பாராட்டை எதிர்பார்த்துக் கேட்ட கேள்வி அது. அவள் முகத்திலேயே தெரிந்தது.

பாகீரதியம்மாள் எட்டிச் சுருதிப்பெட்டியை நிறுத்தினாள். அந்த வீட்டில் அது நிற்பது அபூர்வம். தெருவில் போகிற ஆட்டோவின் சத்தம் அப்போதுதான் உள்ளே வந்தது.

"ஒரு நடுவர் கதை சொல்லுதேன். உக்காரு."

வடிவு உட்கார்ந்தாள்.

"இதே போட்டிதான். இதே மாதிரித் திரை. அந்த வருசம் ஜெயிக்கிற பிள்ளைக்கு மதுரையில தங்கிப் பாட்டுப் படிக்க ஒரு இடம் குடுத்தாங்க. ஒரே ஒரு இடம்."

"ஆமா, ரெண்டு மூணு வருசம் அப்படிக் குடுத்தாங்க."

"பதினேழாம் நம்பர் பாட வந்துச்சு. நடுவர்ல ஒரு பொம்பளை. அவளுக்கு அந்தக் குரல் யாருதுன்னு தெரியாது. பிள்ளை முகத்தைக்கூடப் பாத்தது கிடையாது. ஆனா முதல் வரி முடியும்போது அந்தப் பிள்ளை 'சா'வுல போயி உக்காரல. அதுக்கு முன்னால 'நி'யில ஒரு மூச்சு தங்கிட்டு, அப்புறம் வந்துச்சு."

வடிவுக்குச் சிரிப்பு வந்தது. "நம்ம வழியாச்சே அது!"

"நம்ம வழிதான். நடுவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. பேனாவை வச்சுட்டுக் கேட்டா. அன்னைக்கு அதை மாதிரி யாரும் பாடல. பிள்ளை பாடி முடிச்ச பிறகுதான் அவளுக்குப் பயம் வந்துச்சு. பக்கத்துல இருக்கிற ரெண்டு பேருக்கும் அந்த இடம் யாரு வழின்னு தெரியுமே. தன் ஆளுக்குப் போட்டுட்டான்னு சொல்லிருவாங்களேன்னு."

"குறைச்சாளா?"

"நாலு மார்க். சுருதியில கை வைக்க முடியாது; தாளத்துலயும் முடியாது. கேட்டவங்க சண்டைக்கு வந்துருவாங்க. உணர்ச்சின்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல குறைச்சா. அதை ஏன்னு கேக்க ஆளு கிடையாது."

வடிவு சிரிப்பதை நிறுத்தியிருந்தாள்.

"ரெண்டு மார்க்குல அந்தப் பிள்ளை ரெண்டாவதாப் போச்சு. நடுவர் வீட்டுக்கு வந்து நல்லாத் தூங்கினா. நேர்மையா இருந்துட்டோம்னு."

"எந்த வருசம்க்கா?"

"நீ வீட்டுல சொல்லிக்கொடுக்க ஆரம்பிச்சு ரெண்டாம் வருசம்."

அந்த 'நி'யில் தங்குவதைப் பாகீரதியம்மாள் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்துத்தான் பார்த்தாள். மற்றவர்களுக்கு அது வரவில்லை. வடிவுக்குத்தான் வந்தது. வடிவு அந்த நாளில் போட்டிக்கு அனுப்பியது ஒரே ஒரு பிள்ளையை.

"செண்பகவல்லியா?" என்றாள் வடிவு.

பாகீரதியம்மாள் தலையை ஆட்டினாள்.

"அப்ப அந்த நடுவர்..."

"நான்தான்."

வடிவு தன் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். அவளுக்கு அழுகையைவிட முதலில் கோபம்தான் வந்தது.

"மார்க்ஷீட் வந்த அன்னைக்கு நான் அவளை என்ன சொன்னேன்னு தெரியுமாக்கா? சுருதி சரி, தாளம் சரி, உணர்ச்சியில மட்டும் இப்படி வாங்கியிருக்கியே, கல்லுக்குக்கூட உன்னைவிட ஈரம் உண்டுடின்னு சொன்னேன். எல்லாப் பிள்ளைகளையும் உக்கார வச்சுக்கிட்டு சொன்னேன். நடுவர்ல எங்கக்கா இருந்தாங்க, அவங்க காது தப்புப் பண்ணாதுன்னு சொன்னேன்."

பாகீரதியம்மாள் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.

"பதினாலு வயசுக்கா. மறுநாள் வரல. அதுக்கு மறுநாளும் வரல. ரோசக்காரி, தானா வருவான்னு விட்டுட்டேன். பாட்டையே விட்டுட்டான்னு அப்புறம் அவ அம்மா சொன்னா. என்னால அவ வீட்டுக்குப் போயிப் பாத்துட்டு வர முடியல, அவ்வளவு திமிரு எனக்கு."

இப்போது அழுதாள். வயதான குழந்தை மாதிரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதாள். பாகீரதியம்மாளுக்கு அவள் தோளைத் தொட வேண்டும்போல இருந்தது. தொடுகிற உரிமை தனக்கு இருக்கிறதா என்று தெரியாததால் கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"நீங்க எந்திரிச்சிருக்கலாமேக்கா. இது என் வழியில பாடுத பிள்ளை, இதுக்கு நான் மார்க் போட மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம். அன்னைக்குக் காலையில என்னைப் பத்தி ஒரு பக்கம் வாசிச்சாங்க. எல்லாரும் கைதட்டினாங்க. அதுக்குப் பிறகு அந்த நாற்காலியை விட்டு எந்திரிக்க மனசு வரல."

வடிவு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியை எடுத்தாள். சங்கத்துச் செயலாளர் மறுமுனையில் உற்சாகமாகப் பேசுவது வெளியே கேட்டது.

"சார், நாளைக்கு நான் நடுவரா வரல. என் பிள்ளை ஒருத்தி பாடுதா."

"அதுக்குத்தானே டீச்சர் திரை போட்டிருக்கோம்? அழைப்பிதழ்ல உங்க பேரு வந்தாச்சு. பேனர்ல படம்கூடப் போட்டாச்சு."

"பாடுதது யாருன்னு எனக்குக் கேட்டாலே தெரியும் சார். மன்னிச்சிக்கோங்க. வேற ஆளைப் பாருங்க."

அவர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். வடிவு வைத்துவிட்டாள்.

பாகீரதியம்மாள் எழுந்துபோய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். வடிவு அதைத் தொடவில்லை.

"செண்பகத்துக்கு இது தெரியுமாக்கா?"

"தெரியும். ஆறு வருசத்துக்கு முன்னால சாத்தூர்ல ஒரு ஜவுளிக்கடைக்குப் போயிருந்தேன். சேலை எடுத்துப் போட்டுக் காமிச்ச பொண்ணு என்னைத் தெரியுதான்னு கேட்டுச்சு. நான்தான் பதினேழாம் நம்பர்னுச்சு. அங்கனயே நின்னு எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"திட்டினாளா?"

"இல்ல. விரிச்சுப் போட்ட சேலையெல்லாத்தையும் ஒண்ணொண்ணா மடிச்சா. என்னைப் பாக்கவே இல்ல. கடைசிச் சேலையை மடிச்சு வச்சுட்டுத்தான் கேட்டா. 'எங்க டீச்சருக்கு இது தெரியாதுல்ல? தெரிஞ்சிருந்தா என்னைத் தேடி வந்திருப்பாங்க'ன்னா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

பாகீரதியம்மாள் அவளை நேராகப் பார்த்தாள்.

"பழியைத் தனியாச் சுமக்கப் பயந்து, உனக்கு அப்பவே தெரியும்னு பொய் சொல்லிட்டேன் வடிவு."