பொட்டு நாலு

சினைக் குதிரை வலி தாங்காமல் தரையை உதைத்துக்கொண்டு நின்றது. குட்டி குறுக்கே கிடக்கிறது, உடனே மலைமேல் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றி வாருங்கள் என்று டாக்டர் போனில் சொல்லிவிட்டார்.

குதிரைக்காரர் கனகசபாபதி. அவருக்குக் குதிரை ஏற்றும் டிரெய்லரை இழுத்து ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் லூர்துமேரி. வயதில் அவரைவிடச் சின்னவள்தான். ஆனாலும் வாய் நிறைய 'குருவே' என்பார்.

வாசலில் ரெண்டு பெரிய வண்டிகள். ஒன்று அவருடைய அப்பா ஓட்டியது. மற்றது போன வாரம் மகன் வாங்கியது.

"எதுல மாட்டறது குருவே?"

"உங்களுக்கு எதுமேல சந்தேகம்?"

"பழசுமேலதானுங்க! அந்தக் கிழட்டு இரும்பை யாருங்க நம்புவா?"

டாக்டர் போனை வைத்ததுமே அவர் கோணியை விரித்துப் பழைய வண்டிக்கு அடியில் படுத்துவிட்டாராம். கொக்கியை ஆட்டினார். ஸ்பேனரை வைத்து ஒவ்வொரு போல்ட்டையும் முடுக்கிப் பார்த்தார். சனியன், ஒரு குறையும் அகப்படவில்லை.

"புதுசுக்கு அடியில படுத்தீங்களா?"

"அதுக்கு எதுக்குங்க? ரெண்டு குதிரையை இழுக்குமாம். நேத்துதான் கொக்கி மாட்டி, பூஜையும் போட்டாச்சு."

அவள் புது வண்டிக்குப் பின்னால் போய்க் குனிந்தாள். புதுசை ஓட்டத் தெரியாமல் நொண்டிச் சாக்குத் தேடுகிறாளோ என்று அவருக்கு உள்ளுக்குள் ஓடியது. மனுஷனுக்கு யார்மேல்தான் சந்தேகம் வராது!

கொக்கியைப் பிடித்திருந்த தகட்டின் நாலு மூலையிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம். பூசாரி வஞ்சனையில்லாமல் அப்பியிருந்தார். லூர்துமேரி துண்டை நனைத்து ஒவ்வொன்றாகத் துடைத்தாள். நாலாவதைத் துடைத்தபோது விரல் உள்ளே போய்விட்டது.

"பொட்டு நாலு இருக்குதுங்க. போல்ட்டு மூணுதான்."

கனகசபாபதி தானும் அந்த ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார். நேரே போய் டிரெய்லரைப் பழைய வண்டியில் மாட்டினார். ரெண்டு பேருமாகக் குதிரையைத் தட்டிக்கொடுத்து ஏற்றினார்கள்.

லூர்துமேரி ஓட்ட, வண்டி கிளம்பியும் அவருக்கு மனசு ஆறவில்லை.

"மகன் ஆசையா வாங்கினதுங்க. அதைப் போய்ச் சந்தேகப்படச் சொல்றீங்களே, குருவே?"

"அப்பா வண்டிக்கு அடியில எதுக்குப் படுத்தீங்க?"

"குதிரைக்கு ஒண்ணும் ஆயிடக்கூடாதுன்னு."

"அடுத்த தடவை அந்தக் கொக்கியில டிரெய்லரை மாட்டி மலையிறங்கப் போறது உங்க மகன்தானுங்களே?"

கனகசபாபதி போனை எடுத்து, நான் வந்து அடியில் படுத்துப் பார்க்கும்வரை புது வண்டியைத் தொடாதே என்று மகனிடம் சொன்னார்.