லைப்ரரி பேரை அடித்தவர்கள்

அறந்தாங்கியில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை ஒன்றை மூன்று பேர் கூட்டாக நடத்தினார்கள்: அடைக்கலம், வீரசேகரன், செவந்தியப்பன். மூளையும் கூட்டுத்தான். பிரித்தால் ஆளுக்கு ஒன்றும் தேறாது.

ஒருநாள் காலை, பத்திரிகை வடிவமைக்கும் மென்பொருள் திறக்கவில்லை. சாயங்காலம் கல்யாணப் பெண்ணின் அப்பா காசிலிங்கம் பத்திரிகை வாங்க வந்துவிடுவார். திரையில், லைப்ரரியைக் காணவில்லை என்று ஒரு வரி. மென்பொருளுக்கு வேண்டிய ஒரு துணைக்கோப்பைத்தான், கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் அப்படிச் சொல்லும். இந்த மேதைகள் கடையைப் பூட்டிவிட்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கிளை நூலகத்தைப் பார்க்கப் போனார்கள்.

அது அங்கேயே இருந்தது. செவந்தியப்பன் சுவரைத் தொட்டும் பார்த்தான்.

"இருக்குற லைப்ரரியக் காணோம்னா, கம்ப்யூட்டருக்குக் கண்ணுல கோளாறு" என்றான் வீரசேகரன். திரும்பிவந்து திரையை ஈரத்துணியால் துடைத்தார்கள். பயனில்லை.

அந்தக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டுக் கொடுத்த இருதயராஜ் கோயம்புத்தூரில் இருந்தார். அவருக்குப் போன் செய்தார்கள்.

"அது ஏதாவது ஒரு பேக்கேஜுக்குள்ள இருக்கும்ணே. முதல்ல சூடூ போடுங்க. அப்புறம் லைப்ரரி பேரை அடிங்க. எந்த பேக்கேஜ்னு தானாச் சொல்லிரும்."

பேக்கேஜ் என்பது லினக்ஸில் பல கோப்புகளைச் சேர்த்துக் கட்டிய தொகுப்பு; சூடூ என்பது கம்ப்யூட்டருக்குக் கட்டளையிடும்போது முன்னால் தட்டவேண்டிய ஒரு சொல். இவர்கள் டீக்கடையில் ஒரு கரண்டியைப் பழுக்கக் காய்ச்சி வாங்கிவந்தார்கள்.

"மாட்டுக்குன்னா தொடையில போடலாம். இதுக்கு எங்க போடுறது?" என்று அடைக்கலம் யோசித்தார்.

"முன்னாடி மூஞ்சி. பின்னாடி வாலு மாதிரி ஒயரு. நடுவுல இருக்குறது தொடைதான்" என்றான் வீரசேகரன்.

"வலதா, இடதா?"

"ரெண்டுலயும் போட்டுருவோம். பாரபட்சம் வேண்டாம்."

போட்டார்கள். கம்ப்யூட்டர் பெட்டி பொசுங்கியது.

அடுத்தது பேரை அடிக்க வேண்டும். லைப்ரரியின் பேர் அதன் பலகையில்தானே இருக்கிறது? ஆளுக்கொரு கம்போடு போய், 'கிளை நூலகம்' என்ற பலகையைச் சாத்து சாத்தென்று சாத்தினார்கள்.

நூலகர் வெளியே ஓடிவந்தார். "என்னய்யா பண்றீங்க?"

"கொஞ்சம் சும்மா இருங்க சார். பலகை ஏதோ சொல்ல வருது" என்றான் செவந்தியப்பன்.

'நூ' கழன்று கீழே விழுந்தது. வேறு தகவல் இல்லை. நூலகர் போலீசைக் கூப்பிடப் போனதும் கடைக்குத் திரும்பினார்கள்.

இருதயராஜே மறுபடி போன் செய்தார். "ஸ்கிரீன்ல என்ன வந்துச்சுண்ணே?"

"புகை வந்துச்சு தம்பி" என்றார் அடைக்கலம்.

இருதயராஜ் அவசரமாகக் குறுக்கிட்டார். "இனிமே நீங்க எதுவும் செய்யாதீங்க. அப்படியே பேக் பண்ணி எனக்கு அனுப்பிருங்க."

கம்ப்யூட்டரை அட்டைப்பெட்டியில் வைத்துக் கயிறு கட்டி முடித்தபோது காசிலிங்கம் வந்து நின்றார். இன்னும் ஒரு வீட்டுக்கும் அழைப்பு வைக்கவில்லை என்ற கவலை அவர் முகத்தில் தெரிந்தது.

"பத்திரிகை எங்கய்யா?"

மூவரும் பெட்டியைப் பார்த்தார்கள். அடைக்கலத்தின் முகம் மலர்ந்தது.

"எந்த பேக்கேஜ்னுதான் காலையிலேர்ந்து தேடுறோம். இதுதாங்கய்யா அது. லைப்ரரி, பத்திரிகை எல்லாம் இதுக்குள்ளதான்."

பத்திரிகைக்கு மூலையில் மஞ்சள் தடவுவது வழக்கம். பெட்டிக்கு எட்டு மூலை இருந்ததில் செவந்தியப்பனுக்குப் பரம திருப்தி. தடவி, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் காசிலிங்கத்தின் கையில் கொடுத்தார்கள்.

"வீடு வீடாக் கொண்டுபோய்க் காட்டுங்கய்யா. யாரையும் திறக்க மட்டும் விட்டுறாதீங்க. லைப்ரரி ஓடிரும்" என்றான் வீரசேகரன்.