தேய்ந்த பற்கள்

முப்பத்தைந்து வருடம் போலீஸில் இருந்த வெள்ளைச்சாமி, ஓய்வுக்குப் பிறகு, கல்லாகிப்போன எலும்புகளைப் பற்றிப் படிக்க வந்தார். ஆசிரியை ரெபேக்கா அவரைவிட இருபது வயது இளையவர். அவர் எதைச் சொன்னாலும் வெள்ளைச்சாமிக்கு முதலில் சந்தேகம்தான் வரும்.

அன்று மேசைமேல் மையாசோராவின் கூடு இருந்தது. அசல் இல்லை, அச்சில் வார்த்தது. இலைதழை தின்று வாழ்ந்த டைனோசர் அது. பெயருக்கு 'நல்ல தாய்ப் பல்லி' என்று அர்த்தம். கூட்டுக்குள் குட்டிகளின் எலும்புகள்.

"யார் வச்ச பேர் டீச்சர் இது? குட்டிங்க கூட்டுலயே செத்துக் கிடக்கு. விட்டுட்டுப் போனவளுக்கு நல்ல தாய்னு பட்டமா?"

சொன்ன பிறகுதான், தான் யாரைத் திட்டுகிறோம் என்று அவருக்கே உறைத்தது.

மகன் இறந்ததும் மருமகள் செல்வக்கனி மூன்று வயதுப் பெண் பிள்ளையை அவரிடம் விட்டுவிட்டுக் குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனாள். ஒரு வருடம் பேச்சுமூச்சில்லை. போனை முதலாளி பிடுங்கி வைத்துக்கொண்டார் என்று சொல்லி, திரும்பி வந்து வாசலில் நின்றாள். வெள்ளைச்சாமி கதவைத் திறக்கவில்லை. பிள்ளையைக் கேட்டு அவள் வழக்குப் போட்டாள்; நாளை கோர்ட். ரெபேக்காவிடம் எல்லாம் சொல்லியிருந்தார்.

ரெபேக்கா ஒரு சின்னத் தாடையை எடுத்து, லென்ஸோடு நீட்டினார்.

"பல் எப்படி இருக்கு சார்?"

"தேஞ்சிருக்கு. நல்லாத் தின்ன வாய்."

"கால் எலும்பைப் பாருங்க."

நெடுநேரம் பார்த்தார். "மூட்டு இன்னும் முத்தலை. இது கூட்டை விட்டு நடந்திருக்காது."

"அப்ப இரை?"

"யாரோ கொண்டாந்து கொடுத்திருக்காங்க." சட்டென்று நிமிர்ந்தார். "அது தாய்தான்னு என்ன நிச்சயம்?"

"நிச்சயம் இல்லை."

"தாய்னே வைங்க. அப்புறம் ஏன் வரலை?"

"தெரியாது. வராத நாளுக்கு இதுல சாட்சி இல்லை. வந்த நாளுக்குத்தான் இருக்கு."

வெள்ளைச்சாமி தாடையைக் கீழே வைக்கவில்லை. கட்டைவிரலால் அந்தப் பற்களைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அவ சொல்ற போன் கதை பொய்யா இருந்தா?"

"இருக்கலாம்."

"நாளைக்கு ஜட்ஜ் கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

"பேத்தி உங்க வீட்டுக்கு முதல்ல வந்த அன்னைக்கு என்ன பண்ணினா?"

"என்ன பண்ணினா... யாரும் சொல்லாமலே தன் செருப்பைத் தானே கழட்டி, ஜோடியா ஓரமா வச்சா." அவர் குரல் தணிந்தது. "உள்ள வந்து, தாத்தா சாப்பிட்டீங்களான்னு கேட்டா."

"அதையும் சொல்லுங்க" என்றார் ரெபேக்கா.