கரண்ட் சாரும் மடத்து அடுப்பும்

முள்ளிக்கரையில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். சீடருக்கு அறுபது நிறைய இன்னும் பதினோரு நாள் இருந்தது. குரு அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர்.

சீடரின் பெயர் அருணகிரி. வேலூர்ப் பக்கத்துக்காரர். நிலக்கரியில் ஓடும் அனல்மின் நிலையம் ஒன்றைக் கட்டுவதற்காக இருபத்தோரு வருடத்துக்கு முன்பு இந்தக் கடலோரத்துக்கு வந்த பொறியாளர். ஊர் அவரைக் கரண்ட் சார் என்று கூப்பிட்டது. அவர் கையால் ஒரு யூனிட் கரண்ட்கூட வரவில்லை என்பது வேறு விஷயம்.

முதலில் வழக்கு வந்தது. வழக்கு முடிந்தபோது, நிலக்கரிக் கப்பல் நிற்க வேண்டிய துறைக்கு அனுமதி வரவில்லை. அனுமதி வந்தபோது, கட்ட வந்த கம்பெனி கைகழுவிவிட்டுப் போயிருந்தது. வேறு கம்பெனி வந்தபோது, பழைய அனுமதிக்குக் காலம் கடந்திருந்தது. இப்படி ஒன்று வர ஒன்று போக, அருணகிரிக்குத் தலை நரைத்தது. பிறகு நரைப்பதற்கும் முடி இல்லாமல் போயிற்று.

கட்டிடம்தான் எழும்பவில்லையே தவிர, அவர் மனசுக்குள் எல்லாம் கட்டி முடித்தாயிற்று. உடைமரக் காட்டுக்குள் நடக்கும்போது, கொதிகலன் வரவேண்டிய இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் போவார். ஊரார் பார்த்துச் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். ஆனாலும் சுற்றித்தான் போவார்.

குருவின் பெயர் சிவனணைந்தாள். ஊருக்கு அவர் மடத்தம்மை. அவருடைய கஞ்சி மடம், வரைபடத்தின்படி, நிலக்கரியைக் கொட்டி வைக்கும் மேட்டின் நட்டநடுவில் இருந்தது. காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கப் போன அருணகிரியை உட்கார வைத்து அந்த அம்மாள் ஒரு சட்டிக் கஞ்சி ஊற்றினார். குடித்து முடித்தவர் நோட்டீஸை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டார். மறுநாளும் வந்தார். அதற்கப்புறம் அவர் வராத நாளே குறைவு.

என்ன கேட்டாலும் சிவனணைந்தாள் நேராகப் பதில் சொன்னதில்லை. பாத்திரம் தேய்க்கச் சொல்வார். உப்பளம் வரைக்கும் நடந்துவிட்டு வரச் சொல்வார். ஒரு தடவை அருணகிரி முக்தியைப் பற்றிக் கேட்டதற்கு முருங்கைக்கீரை ஆயச் சொன்னார். அவருக்கு அதில் கோபம் வந்ததில்லை. வேலை முடியும்போது கேள்வியில் பாதி கரைந்திருக்கும்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. காலையிலேயே அருணகிரி ஒரு காகித உறையோடு வந்து மடத்து வாசலில் நின்றார்.

“என்ன சார், மொகம் ஒரு மாதிரியா இருக்கு?”

“தலைமை அலுவலகத்துலேருந்து கடிதம் வந்திருக்கு அம்மா. திட்டத்தை இன்னும் அஞ்சு வருஷம் நீட்டிக்கலாமா, கைவிட்டுடலாமான்னு என்னைக் கேட்டிருக்காங்க. இத்தனை வருஷம் இடத்துலயே இருந்தவன் நான் ஒருத்தன்தானாம். நான் எழுதறபடியே முடிவு பண்ணிடறோம்னு ஃபோன்லயும் சொல்லிட்டாங்க.”

“நல்லதாப் போச்சு. எழுதிக் குடுங்க.”

“என்னன்னு எழுதறது?”

“என்ன எழுதணும்னு தோணுது?”

அருணகிரி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நீட்டிக்கலாம்னு எழுதினா, நான் ரிட்டையர் ஆனதும் எனக்குப் பதிலா வேற ஒருத்தர் வந்து அந்த நாற்காலியில உக்காருவார். எல்லாம் இப்படியே நடக்கும். கைவிடலாம்னு எழுதினா...” அவர் வாசல்படியில் உட்கார்ந்தார். “இருபத்தோரு வருஷம் அம்மா. பொண்டாட்டி புள்ளைங்களை அங்க விட்டுட்டு இங்க வந்து கிடந்தேன். அத்தனையும் ஒண்ணுமில்லைன்னு என் கையாலயே எப்படி எழுதுவேன்?”

அந்த அம்மாளின் முகம் இளகியதை அவர் பார்த்தார். ஏதோ ஆறுதல் வரப்போகிறது என்று நினைத்தார்.

“இன்னைக்குக் கஞ்சி நீங்க வைங்க சார்,” என்றார் சிவனணைந்தாள்.

முள்ளிக்கரையில் வெள்ளிக்கிழமை மத்தியானம் எந்த வீட்டிலும் அடுப்பு பற்ற வைக்க மாட்டார்கள். அன்றைக்கு ஊருக்கே மடத்தில்தான் கஞ்சி. கருக்கலில் உப்பளத்துக்குப் போனவர்கள், வெயில் ஏறியதும் காலைக்கூடக் கழுவாமல் நேராக மடத்துக்கு வந்துவிடுவார்கள். இது அந்த அம்மாளுக்கு முன்னாலிருந்தே நடந்துவரும் வழக்கம்.

அருணகிரி வேட்டியை மடித்துக் கட்டினார். புழுங்கலரிசியையும் பாசிப்பயறையும் களைந்தார். அண்டாவில் தண்ணீர் நிறைத்து அடுப்பில் ஏற்றினார். காய்ந்த உடைமர விறகைப் பொறியாளருக்கே உரிய ஒழுங்கோடு அடுக்கினார். தீப்பெட்டியை எடுத்தபோது குரு கையைக் காட்டினார்.

“பொறுங்க சார். நான் சொல்லும்போது பத்த வைங்க.”

சரி என்று அவரும் உட்கார்ந்தார்.

உச்சிப்பொழுதில் ஆட்கள் வந்துவிட்டார்கள். அவரவர் தட்டோடு வேப்பமர நிழலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் வந்தவள் பேச்சித்தாய்.

பேச்சித்தாயைக் கண்டால் அருணகிரிக்கு எப்போதும் கண் தாழ்ந்துவிடும். அவள் வீட்டு ஓட்டுக்கூரை ஒழுகுகிறது. ஒன்பது வருடமாக ஒரு கையெழுத்துக்கு அவரிடம் நடக்கிறாள். மஞ்சள் பெயிண்ட் அடித்த எல்லைக் கல்லுக்குள் இருக்கும் யாரும் கிணறு வெட்டுவதற்கோ கூரை மாற்றுவதற்கோ திட்ட அலுவலகத்தின் கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்தைப் போடக்கூடாது என்பது அலுவலகத்துக்கு வந்த உத்தரவு. “பிளாண்ட் வரட்டும்மா, அப்புறம் பாக்கலாம்” என்பார். அவளும் சரி சார் என்று போய்விடுவாள். போனவள் அன்று சாயங்காலமே கருவாடு கொடுத்தனுப்புவாள். தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிற மனுஷனாம். அந்தக் கருவாடு அவருக்குத் தொண்டைக்குக் கீழே இறங்காது.

“என்ன சார், அடுப்பு இன்னும் பத்தலையா?” என்றாள் பேச்சித்தாய்.

அருணகிரி குருவைப் பார்த்தார்.

“ஆவும், ஆவும். இருங்க,” என்றார் சிவனணைந்தாள்.

கால் மணி நேரம் போயிற்று.

“அம்மா, பத்த வைக்கவா?”

“பொறுங்க.”

“விறகு காஞ்சுதான் இருக்கு. அரிசி களைஞ்சாச்சு. தண்ணி ஊத்தியாச்சு. என்ன குறை?”

“கொறை ஒண்ணும் இல்ல சார். பொறுங்க.”

நிழலிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். “கரண்ட் சாரு கை வச்சாருல்லா! இனி இந்த அடுப்புக்கும் இருவது வருசம் ஆவும்.”

எல்லோரும் சிரித்தார்கள். அருணகிரியும் சிரித்தார். சிரித்து முடித்த பிறகு, அடுக்கிய விறகை மறுபடியும் சரிசெய்தார்.

அரை மணி ஆயிற்று. முக்கால் ஆயிற்று. சிரிப்பு நின்றது. உப்பு வெட்டிப் புண்ணான கால்களில் ஈ மொய்த்தது. ஒருவர் தட்டைத் தலைக்கு வைத்துப் படுத்துவிட்டார். அருணகிரி தீப்பெட்டியை வலக்கையிலிருந்து இடக்கைக்கும் இடக்கையிலிருந்து வலக்கைக்கும் மாற்றிக்கொண்டிருந்தார். குருவோ தூணில் சாய்ந்து, யாருக்கு வந்த விருந்தோ என்பதுபோல உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் பேச்சித்தாய் எழுந்து வந்தாள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. களைப்பாகத்தான் பேசினாள்.

“அம்மை, உண்டா இல்லையான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. மடத்துல அடுப்பு பத்தும்னுதான வீட்டுல பத்த வைக்காம இருக்கோம்? தெரிஞ்சிருந்தா ஒரு கை அரிசியை நானே பொங்கியிருப்பேன்.”

“ஆவும் பேச்சி. இரு.”

அருணகிரி எழுந்துவிட்டார்.

“அம்மா, ஒண்ணு என்னைப் பத்த வைக்க விடுங்க. இல்லைன்னா இன்னைக்குக் கஞ்சி இல்லைன்னு வாயைத் திறந்து சொல்லுங்க. அவங்கவங்க போய் அவங்கவங்க அடுப்பைப் பத்த வச்சுக்கட்டும். ஆவும் ஆவும்னு ஜனங்களை உக்கார வச்சுக் கொல்றது என்ன நியாயம்?”

குருவிடம் அவர் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. உயர்த்திய குரல் முடிந்ததும், வாயை மூட மறந்து அப்படியே நின்றார்.

சிவனணைந்தாள் தூணிலிருந்து நிமிர்ந்தார். எழுந்து நிழலுக்குப் போனார். ஆட்களுக்கு முன்னால் கையைக் கூப்பினார்.

“இன்னைக்குக் கஞ்சி இல்ல மக்கா. வெயில்ல வந்தவங்களை இவ்வளவு நேரம் காக்க வச்சது எந் தப்பு. அடுத்த வெள்ளிக்குப் பாயசம் வச்சுத் தீத்துருதேன்.”

“இதை வந்தவுடனே சொல்லியிருக்கலாம்லா அம்மை,” என்று முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார்கள். இல்லை என்று தெரிந்துவிட்ட பிறகு அவர்களுக்கு வேலை இருந்தது. வேகமாக நடந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் புகை எழுந்தது.

வாசலில் குருவும் சீடரும் மட்டும் நின்றார்கள்.

“ஒரு மணி நேரம்தானே அம்மா காக்க வச்சீங்க? அதுக்குப் பாயசமா?”

“பின்னே? பசிச்சவங்கள்லா.”

“அப்ப நான் என்ன வச்சுத் தீக்கறது?”

அந்த அம்மாள் உள்ளே போய்ப் பேனா ஒன்றை எடுத்துவந்து கொடுத்தார்.

அண்டாவின் மூடியை மடியில் கவிழ்த்து, அதன்மேல் காகிதத்தை வைத்து அருணகிரி எழுதினார். திட்டத்தைக் கைவிடலாம். கேட்காத இன்னொரு வரியையும் சேர்த்தார். எல்லைக் கற்களை இந்த மாதமே பிடுங்கிவிட வேண்டும். கையெழுத்துப் போட்டார். மடித்து உறையில் வைத்தார். வைத்ததும், அறுபது வயதை எட்டப்போகிற அந்த மனிதருக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. சிவனணைந்தாள் பக்கத்தில் உட்கார்ந்தார். அழுது முடியட்டும் என்று விட்டார்.

“எழுதிட்டேன் அம்மா.”

“ம்.”

“இனிமே இந்த ஊருக்கு நான் யாரு? வராத கரண்டுக்கு ஒரு சார் எதுக்கு?”

அப்போது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பேச்சித்தாயின் குரல் வந்தது. உறைக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது.

“சார்! கஞ்சி எறக்கியாச்சு! ஆறிரும், வாரியளா?”

அருணகிரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். எழுந்திருக்கவில்லை.

“ஒன்பது வருஷமா அவளை அப்புறம் பாக்கலாம்னே அலைய வச்சவன் நான். என்னை எதுக்கு அம்மா கூப்பிடறா?”

“கரண்டுக்கா கூப்பிடுதா? கஞ்சிக்குல்லா கூப்பிடுதா,” என்றார் குரு. “உலையில அரிசி போடும்போதே உங்களையும் எண்ணித்தான் போட்டிருக்கா. எந்திரிங்க சார்.”